கால்மிதியை உடைத்தவர்

முதலில் பைக்குகளுக்கு ஆயில் மாற்றுவதை நிறுத்தினார் பார்சல் கம்பெனி மேனேஜர் ஞானசிகாமணி. அடுத்து பிரேக் கட்டை மாற்றுவதை நிறுத்தினார். பிறகு மாதச் சர்வீஸையே நிறுத்திவிட்டு, ஆயுத பூசைக்குச் சந்தனம் வைத்தால் வண்டி ஓடும் என்றார். கடைசியில் ஒரு பைக்கின் கால்மிதி கழன்று, ஓட்டிய மாரப்பன் முழங்கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

“மிதிச்சு உடைச்சவன் பேரு சாயங்காலத்துக்குள்ள வரணும். இல்லாட்டி எல்லாருக்கும் வேலை போச்சு” என்றார் மேனேஜர்.

மூட்டை ஏற்றும் பூவாயி மடித்த காகிதத்தோடு வந்தாள். யார் தலை உருளப்போகிறதோ என்று வண்டிக்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

“பேரு இதுல இருக்குதுங்க. மாரப்பன் விழுந்த எடத்துல வெச்சுப் படிக்கறேன். பின்னால ஏறுங்க” என்று கம்பெனியின் இன்னொரு பைக்கை உதைத்துக் கிளப்பினாள்.

மேனேஜர் ஏறினார். கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கின.

“மிதியில வைங்க சார்.”

“வேண்டாம்.”

“ஏனுங்க, சந்தனம் வெச்ச வண்டிதானுங்களே?”

“அட, வெச்சா கழண்டுக்கும். எல்லா வண்டியிலயும் மிதி ஆணி தேஞ்சிருக்குன்னு மெக்கானிக் போன மாசமே சொல்லிட்டான்.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

பூவாயி வண்டியை அணைத்தாள். “அப்ப அங்க வரைக்கும் போக வேண்டியதில்லீங்க.”

காகிதத்தைப் பிரித்து, எல்லாருக்கும் கேட்கும்படி நிறுத்திப் படித்தாள்:

“மேனேஜர் கு. ஞானசிகாமணி.”