மீதி நாற்பத்தைந்து விநாடி

ஹவுஸ் சர்ஜன் என்றால் பெயரளவில் டாக்டர். வார்டில் யார் வேண்டுமானாலும் அவனை ஏவலாம். அவன் ஏவுவதற்கு ஆள் கிடையாது. படிப்பை முடித்துவிட்டு அந்த அரசு ஆஸ்பத்திரியில் ஏழாவது மாதமாக இப்படி ஓடிக்கொண்டிருந்தான் இசக்கிராஜன்.

அவனுடைய யூனிட்டுக்குச் சீஃப் டாக்டர் ரெஜினா. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. நாடி பார்க்கும்போது எல்லோரும் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கிக்கொள்வார்கள். அவர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முழு நிமிஷமும் எண்ணுவார். நாற்பது படுக்கைக்கும் அப்படியே. ரவுண்ட்ஸ் முடிவதற்குள் பின்னால் நிற்பவர்களுக்குக் கால் கடுத்துவிடும். மேடத்துக்கு நாலாம் வாய்ப்பாடு வராது என்று இசக்கிராஜனும் சேர்ந்து சிரித்திருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெஜினா சாப்பிட உட்கார்ந்தபோது அவன் வந்து ஒரு கடிதத்தை மேஜைமேல் வைத்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னப்பா இது?"

"வீட்டுக்குப் போறேன் மேடம். இந்தத் தொழில் எனக்கு வேண்டாம்."

"சாப்பிட்டியா?"

"ரெண்டு நாளா எதுவும் எறங்கல."

ரெஜினா டிபன் பாக்ஸை மூடினார். "உக்காரு. சொல்லு."

"பதினொன்னாம் பெட்டு மேடம். ஞாயித்துக்கெழம இறந்தாரே, செங்கச்சூளைக்காரர்..."

"முருகையா."

அவருக்குப் பெயர் நினைவிருந்தது அவனை இன்னும் குத்தியது.

"அன்னைக்கு ரெண்டு மணிக்கு நாடி பாக்கணும். வார்டுல நான் ஒருத்தன்தான். அவரு கண்ண மூடிப் படுத்திருந்தாரு. சம்சாரம் பக்கத்துல இருந்துச்சு. 'இப்பத்தான் அசந்தாக, எழுப்பாதீக'ன்னுச்சு. சரின்னு தொடாமலே ஷீட்டுல எண்பதுன்னு எழுதிட்டேன். காலையில எண்பதுதான் இருந்துச்சு. மூணு மணிக்கு சிஸ்டர் போய்ப் பாக்கும்போது..."



"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அந்தம்மா போகும்போது என் கையப் புடிச்சுக்கிட்டு, 'ராசா, எங்க வீட்டுக்காரர நல்லாப் பாத்துக்கிட்டீக'ன்னு கும்பிட்டுட்டுப் போச்சு மேடம்."

அவள் செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். அந்தக் கும்பிடுதான் இரண்டு நாளாக அவன் தொண்டையில் நின்றது.

"நான் தொட்டுப் பாத்திருந்தா பொழைச்சிருப்பாரா மேடம்?"

"தெரியாது."

"பொழைச்சிருக்க மாட்டாருன்னு சொல்லுங்க மேடம்."

"தெரியாது இசக்கி. தெரிஞ்சுக்கிற வழியத்தான் நீ எண்பதுன்னு எழுதி அடைச்சுட்டியே."

அவன் உடைந்து அழுதான். ரெஜினா தேற்றவில்லை. அழுது முடியட்டும் என்று விட்டார். பிறகு அந்தக் கடிதத்தை அப்படியே குப்புறத் திருப்பி, எழுதாத பக்கத்தின்மேல் பேனாவை வைத்தார்.

"நடந்தத எழுது. தேதி, மணி, உன் பேரு."

"விசாரணை வருமே?"

"வரும். உனக்கும் வரும். யூனிட் என்னோடது, எனக்கும் வரும்."

"அந்தம்மாகிட்ட?"

"ரெண்டு பேரும் போய்ச் சொல்லணும். இந்தத் தடவ கும்பிட மாட்டாங்க."

நான்கே வரி. எழுதி முடிக்க அரைமணி ஆயிற்று. கையெழுத்துப் போட்டதும் அவர் அதை வாங்கி மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். மறுபக்கத்தில் அவன் முதலில் எழுதிவந்ததைப் படிக்கவே இல்லை. "வா" என்று வார்டுக்கு நடந்தார்.

பதினொன்றாம் படுக்கையில் இப்போது ஒரு பஸ் கண்டக்டர். வாயைத் திறந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"எண்ணு."

விரல்களை அவர் மணிக்கட்டில் வைத்தான்.

"எண்பத்தி நாலு மேடம்."

"பதினஞ்சு செகண்டுல கைய எடுத்துட்ட. மீதி நாப்பத்தஞ்சு செகண்ட யாரு எண்ணுவா?"

மறுபடி வைத்தான். கண்டக்டர் கண் விழித்தார். இருவரையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கையை இன்னும் வாகாக நீட்டிக் கொடுத்துவிட்டு மீண்டும் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நம்பிக்கையை ஏறிட்டுப் பார்க்க இசக்கிராஜனுக்குத் தெம்பில்லை. கடிகாரத்தையே பார்த்து எண்ணினான். ஒரு நிமிஷம் இவ்வளவு நீளம் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

"எழுபத்தி ஒன்பது."

"எழுது."

எழுதினான். இருவரும் அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார்கள்.

"மேடம், நீங்க எப்பலேருந்து முழு நிமிஷம் எண்ணுறீங்க?"

"நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ. ஒன்பதாவது மாசம்."

வாய்ப்பாட்டுக் கேலி நினைவுக்கு வந்து அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அவரு பேரு என்ன மேடம்?"

"அவரு இல்ல. பொண்ணு. ஜெசிந்தா. இருபத்தாறு வயசு."

"எத்தன வருஷமாச்சு?"

"இருபத்திரண்டு."

"இன்னுமா ஆறல?"

ரெஜினா பன்னிரண்டாம் படுக்கைக்காரரின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

"பேசாத," என்றார். "நிமிஷம் இன்னும் முடியல."