மூக்காயி அம்மையார் மேல் விழுந்த சிவப்பு

செம்பாறைக் குன்றின் அடிவாரத்து டீக்கடையில் எச்சில் தம்ளர் கழுவிப் பிழைத்து வந்தார் மூக்காயி அம்மையார். கடைக்குப் போகுமுன் குன்றேறி, பாறையைக் குடைந்து அமைத்த ஈசர் கோயிலின் முன்மண்டபத்தில் வௌவால் எச்சத்தைக் கூட்டி அள்ளுவார். சுனையில் ஒரு குடம் மொண்டு கருவறை வாசலில் வைப்பார். பிறகு, அங்கே காவல் நிற்கும் துவாரபாலகரின் கல் பாதத்தைத் தொட்டு, "மூக்காயி வந்துட்டுப் போறான்னு உள்ள சொல்லி வையுங்க" என்பார். அவருக்குத் தெரிந்த மந்திரம் அவ்வளவுதான்.

அவருடைய கணவர் குன்றின் மறுபக்கத்துக் கல் குவாரியில் வேலை செய்தவர். ஒரு நாள் வெடி முன்னதாகவே வெடித்துவிட்டது. உடலை மூட்டையாகத்தான் கொடுத்தார்கள். காரியம் முடிந்ததும் அம்மையார் மறுபடி குடத்தோடு குன்றேறினார்.

"புருசனைக் காப்பாத்தாத சாமிக்குத் தண்ணி ஒரு கேடா?" என்று டீக்கடையில் சிரித்தவர்கள் உண்டு.

"அவரா வெடி வச்சாரு?" என்று கேட்டுவிட்டு அம்மையார் அடுத்த தம்ளரை எடுத்தார்.

குவாரி பெருத்தது. வெடிக்கு வெடி குன்று அதிர்ந்தது, கிணறுகள் வற்றின. ஊர் இளைஞர்கள் மதியரசன் தலைமையில் போராட்டக் குழு தொடங்கினார்கள். மதியரசன் நல்ல பிள்ளை. அவர் நடத்திய மறியலில் அம்மையாரும் கொடி பிடித்தவர்தான். ஆனால் எத்தனை மறியல் செய்தும் ஓர் அதிகாரியும் எட்டிப் பார்க்கவில்லை. ஆத்திரம் முற்றிய ஒரு நண்பகலில், குழு சிவப்புப் பெயிண்டு வாளிகளோடு கோயிலுக்கு ஏறியது.

செய்தி கேட்டதும் அம்மையார் கழுவிய கையோடு ஓடினார். நடை சாத்தியிருந்தது. துவாரபாலகருக்கு முன்னால் கைகளை விரித்து நின்றுகொண்டார்.

"ஒதுங்குங்க ஆத்தா. பழைய சிலையில கை வச்சாத்தான் டிவிக்காரன் வருவான், கலெக்டர் வருவாரு" என்றார் மதியரசன்.

"ஆயிரம் வருசத்துக்கு மேல நிக்கிறவரு. உங்க கோவத்துக்கு இவரா கெடச்சாரு?"

"குவாரியில செத்தது உங்க புருசன்! நீங்க யாரு பக்கம்?"

"உன் பக்கந்தாம்ப்பா. அதான் சொல்றேன். குவாரிக்காரன் ஒடைக்கிறதும் இந்த மலையைத்தான். நீயும் இதையே பாழாக்குனா அவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? ஊத்தணும்னா எம்மேல ஊத்து."

மதியரசன் தயங்கினார். பின்னாலிருந்த யாரோ தயங்கவில்லை. ஒரு வாளிப் பெயிண்டு அப்படியே அம்மையாரின் தலைவழியே இறங்கியது. கண் எரிந்தது, மூச்சு முட்டியது. கல்லில் ஒரு சொட்டும் படவில்லை.

அம்மையார் முகத்தை வழித்து உதறினார். "ஊத்தியாச்சுல்ல? வாங்க. சண்டை எங்க இருக்கோ அங்க போவோம்."

குன்றிறங்கி நேரே குவாரி வாசலுக்குப் போய், கல் ஏற்றி வந்த லாரிக்கு முன்னால் சப்பணமிட்டு அமர்ந்தார். மதியரசன் தலைகுனிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு குழு வந்தது, ஊரே வந்தது.

"ஏத்திருவேன், எந்திரி!" என்று மிரட்டினார் குவாரி மேலாளர்.

"ஏத்துய்யா. ஏற்கெனவே செவப்பாத்தான் இருக்கேன்" என்றார் அம்மையார்.

மாலை பூசைக்கு நடை திறந்த குருக்கள் மூச்சிரைக்க ஓடி வந்தார். "மூக்காயி! சுவாமி மேனியெல்லாம் சிவப்புப் பெயிண்டு வழியறது! நான் திறக்கறவரைக்கும் பூட்டு பூட்டினபடியேதான் இருந்தது, உள்ளே யாரும் போகலை!"

எல்லோரும் அம்மையாரைத் திரும்பிப் பார்த்தார்கள். சற்றுமுன் சொட்டிக்கொண்டிருந்த புடவையில், நரைத்த தலையில், ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. மேலாளர் இரண்டடி பின்வாங்கினார்.

"ஐயோ, அவருக்குக் கண்ணு எரியுமே!" என்று பதறினார் அம்மையார்.

"நீயே வந்து தண்ணீர் ஊத்தும்மா. உனக்காகத்தான் காத்திண்டிருக்கார்."

எழப்போன அம்மையார் லாரியைப் பார்த்தார். மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். "மொதல்ல இது திரும்பட்டும். அவரு பொறுத்துக்குவாரு."

செய்தி சுற்றுவட்டாரமெங்கும் பரவி, பொழுது சாயுமுன் ஆட்சியரே வந்தார். ஊரார் பேச்சைக் கேட்டுக் குவாரியைப் பூட்டி முத்திரை வைத்தார். லாரி திரும்பிப் போனது. அதன் பிறகே அம்மையார் குன்றேறினார். குருக்கள் அவரைக் கருவறைக்குள் அழைத்துச் சென்றார். அவர் கையால் ஊற்றிய முதல் குடத்திலேயே சிவப்பு முழுதும் கரைந்து ஓடியது.

அடியார்மேல் விழுந்ததைத் தம் மேனியில் வாங்கிக்கொண்டார் ஈசர். அந்த ஈசரையே காக்க வைத்த அன்பு மூக்காயி அம்மையாருடையது. அவர் திருவடி நம் தலைமேல் இருக்கட்டும்.