மட்டியூரார் மலையேறிப் பெண் பார்த்தது

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. மட்டியூர்க்காரர்களைப் பற்றிச் சத்தமாகப் பேசக்கூடாது. காதில் விழுந்தால் உடனே வந்து, சொன்னதையெல்லாம் செய்து காட்டிவிடுவார்கள்.

அந்த ஊர்ச் சங்கிலிக்கு வெகுநாளாகப் பெண் அமையவில்லை. ஊர்ப் பெயரைக் கேட்டதுமே பெண் வீட்டார் கதவைச் சாத்திவிடுவார்கள். கடைசியாக மலைமேல் மேகக்கல் என்ற ஊரில் ஒரு சம்பந்தம் வந்தது. இதுவும் தட்டிப்போனால் காலம் முழுக்கக் கட்டைப் பிரம்மச்சாரிதான் என்று அவனுக்கே தெரியும்.

தரகர் படித்துப் படித்துச் சொன்னார். "அந்த ஊர் வழக்கம் வேற. அங்கே கால் வெச்சதும் நம்ம வழக்கத்தை மூட்டை கட்டிடணும். அந்த ஊர்க்காரங்களாவே மாறிடணும்."

மட்டியூரின் ஒரே புத்திசாலி, சங்கிலியின் பெரியப்பா வெள்ளையப்பன். உடனே ஒரு சாக்கு கொண்டுவரச் சொன்னார். வெற்றிலைப் பெட்டி உள்ளே போனது. விசிறி போனது. பிறகுதான் சித்தப்பா உலகநாதனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணே, நீங்க குறட்டை விடுறது ஊர் வழக்கமா, உங்க வழக்கமா?"

வெள்ளையப்பன் கண்ணை மூடி யோசித்தார். யோசனையிலேயே குறட்டை வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று சாக்கின் வாயை அவர் மூக்கருகே கொஞ்ச நேரம் பிடித்து, இறுக்கிக் கட்டினார்கள்.

மேகக்கல்லில் குளிர் அதிகம். வீட்டுக்குள்ளும் செருப்போடுதான் நடப்பார்கள். மட்டியூரார் வாசலில் கழற்றிவிட்டுப் போனார்கள். உள்ளே எல்லார் காலிலும் செருப்பு. ஓடிப்போய் மாட்டிக்கொண்டு வந்தார்கள். அதற்குள், விருந்தாளி மனம் நோகக்கூடாதே என்று வீட்டுக்காரர்கள் கழற்றிவிட்டார்கள். இவர்கள் மறுபடி ஓடினார்கள்.

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்த பெண் தேவானை சங்கிலியைப் பார்த்து, "மலை ஏறினது போதாதாக்கும்?" என்று சிரித்தாள். அவனுக்கு அதற்கப்புறம் கால் நகரவில்லை.

பெண்ணின் அப்பா மாதையன், ஒற்றைச் செருப்போடு பேச்சை ஆரம்பித்தார். "எங்க பக்கம் பொண்ணு வீட்டார்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பையனைப் பார்ப்போம். பரவாயில்லைங்க, நீங்களே வந்துட்டீங்க. பையனை எங்களுக்குப் பிடிச்சிருக்கு."

சங்கிலிக்கு உச்சி குளிர்ந்தது. மற்றவர்கள் மூலையில் கூடினார்கள்.

"தப்பு நம்ம மேலதான்," என்றார் உலகநாதன். "அவங்க பெருந்தன்மையா விட்டுட்டாங்க. நாம விடலாமா?"

"இப்ப நாம எந்த ஊர்?" என்று வெள்ளையப்பன் கேட்டார்.

"கால் வெச்சாச்சே. மேகக்கல்தான்."

"மேகக்கல்காரங்க எங்கே போகணும்?"

"மாப்பிள்ளை வீட்டுக்கு."

"பின்னே இங்கே என்ன வேலை? எழுந்திருங்கய்யா!"

"பெரியப்பா, அவங்கதான் பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டாங்களே!" சங்கிலி கெஞ்சினான்.

"வீடு வாசல் பார்க்காம சொன்னா ஆச்சா? ஒரு பொண்ணோட வாழ்க்கைடா!"

தேவானை வாசலுக்கே வந்துவிட்டாள். "பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசாமலா கிளம்புறீங்க?"

"நீ எங்க வீட்டுப் பொண்ணும்மா," என்றார் வெள்ளையப்பன். "உன்கிட்ட புதுசா என்ன பேச?"

இறங்கி வந்து சங்கிலி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பூட்டியிருந்தது. சாவி சங்கிலி இடுப்பில் இருந்தது. பெண் வீட்டார் வந்து நிற்கையில் ஆளில்லாத வீடு என்று உலகநாதன் முகத்தைச் சுளித்தார். வெள்ளையப்பன் சங்கிலியை உள்ளே அனுப்பி, கதவைச் சாத்தி, மறுபடி தட்டினார்.

"மாப்பிள்ளை இருக்காரா?"

"இருக்கேன் பெரியப்பா."

"முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட உறவு கொண்டாடுறான்," என்று அவர் உலகநாதனிடம் முணுமுணுத்தார். உள்ளே போய் உட்கார்ந்து சங்கிலியை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, இவ்வளவு தூரம் வர்றோம். வீட்டைப் பூட்டிட்டு எங்கே போயிருந்தீங்க?"

சங்கிலிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "பொண்ணு பார்க்கப் போயிருந்தேன்."

வெள்ளையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஊர் ஊராப் பொண்ணு பார்த்துட்டு அலையிற பையன் எங்க தேவானைக்கு வேண்டாம்," என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, மாதையனுக்குத் தகவல் சொல்ல மறுபடி மலை ஏறினார்.