போறேன்னு சொல்லாத ஊர்

ஒரு ஊர்ல, கடல் வந்து கோயில் படியைத் தொட்டுப் பார்த்துட்டுத் திரும்புற ஒரு ஊர்ல, சலேத்தம்மான்னு ஒருத்தி இருந்தா. வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம்னா, அவ கருவாடு காயப்போட்ட இடத்துல காக்கா இறங்காது, அவ்வளவுதான். அவ புருஷன் எஸ்தாக்கி, அவ பத்து வார்த்தை பேசினா ஒரு வார்த்தை பேசுவான். அது போதும்னு அவளும் குடும்பம் நடத்தினா.

அந்த ஊர்ல வாசல் தாண்டும்போது யாரும் "போறேன்"னு சொல்ல மாட்டாங்க. தண்ணிக்குப் போனாலும் "போயிட்டு வாரேன்", கடலுக்குப் போனாலும் "போயிட்டு வாரேன்", பூசைக்குப் போனாலும் "போயிட்டு வாரேன்". உள்ளே இருக்கிறவங்க "போயிட்டு வாங்க"ன்னு பதில் குரல் கொடுக்கணும். விடியல்ல கோயில் மணி ஓய்ஞ்சதும் தெரு முழுக்க இந்தப் பேச்சுதான். எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! நீங்கல்லாம் இப்போ "பை"ன்னு கையை ஆட்டிட்டுப் போறீங்க. சரி, கேளுங்க.

ஏன் அப்படிச் சொல்றோம்னு ஊர்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சவன் ஒருத்தன்தான். கடலுக்கு அடியில இருந்த இருட்டு ராசா. ஆதியில சர்வேசுரன் அவனைக் கீழே தள்ளும்போது சொல்லித்தான் தள்ளினார். "போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பினவனைத்தான் நீ பிடிக்கலாம். வாரேன்னு சொன்னவன் மேல கை வைக்கக் கூடாது. போறேன்னவன் தானா திரும்பி வர முடியாது. இந்தச் சட்டம் உனக்கும் சேர்த்துத்தான்."

அதனால அந்த ஊர்ல ஒரு ஆள்கூடக் கிடைக்காம ராசா பட்டினி கிடந்தான். பார்த்தான், பார்த்தான், ஒருநாள் வெள்ளை ஜிப்பா, கறுப்புக் குடை, கக்கத்துல வேதப்புஸ்தகத்தோட கரை ஏறினான். கொம்பு எங்கேன்னு கேட்காதே. கொம்போட வந்தா யார் நாற்காலி போடுவா?

கோயில் வாசல்ல நின்னு உருகினான். "அன்பானவர்களே, வருவேன் என்கிறீர்களே, வருவீர்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாததைச் சொல்வது பொய் அல்லவா? பொய் பாவம் அல்லவா?"

பாவம்னதும் ஊர் நடுங்கிப்போச்சு. மறுநாள் மிக்கேல் "போறேன்"னு சொல்லிட்டுப் போனான், வரலை. அடுத்து பவுலு "போறேன்"னு போனான், வரலை. அப்புறம் எஸ்தாக்கி துடுப்பைத் தோள்ல வச்சான்.

"போறேன், சலேத்து."

அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் "போயிட்டு வாங்க" வந்துச்சு. ஆனாலும் பாவத்துக்குப் பயந்து, "சரி, போங்க"ன்னுட்டா.

சாயங்காலம், எஸ்தாக்கி கூடப் போன இன்னாசிக் கிழவர் மட்டும் அதே படகுல திரும்பி வந்தார். காதுக்குள்ள கத்தினாத்தான் கேட்கிற மனுஷன்.

"பெரியப்பா, வீட்டுல என்ன சொல்லிட்டுக் கிளம்புனீங்க?"ன்னு சலேத்தம்மா அவர் காதுல கத்தினா.

"எப்பவும் சொல்றதுதான், போயிட்டு வாரேன்னேன். ஏன், மாத்திட்டாங்களா?"

சலேத்தம்மாவுக்குப் புரிஞ்சுபோச்சு. நேரா வீட்டுக்குப் போய் மாதா படத்து முன்னாடி நின்னா. "தாயே, நான் போயிட்டு வாரேன். இது பொய்யின்னா, மெய்யாக்க வேண்டியது உம்ம மகன் வேலை"ன்னு சொல்லிட்டுக் கடல்ல இறங்கினா. கடல் சேலைக் கொசுவம் மாதிரி ஒதுங்கி வழி விட்டுச்சு.

கீழே பெரிய அரண்மனை. பிடிபட்டவங்க எல்லாரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்காங்க, வாசல் இருக்கிறதே மறந்துபோச்சு. சிம்மாசனத்துல இருட்டு ராசா, பக்கத்துல அதே கறுப்புக் குடை தொங்குது.

"ஏன் ராசா, இம்புட்டுப் பெரிய வீடு, கதவு ஒத்தைக் கீல்ல ஆடுதே, ஆசாரி கிடைக்கலையா?"

ராசா முகம் சுண்டிப்போச்சு. "முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை, கையில ஆணிக்காயத்தோட ஒருத்தர் வந்தார். அவரும் சிநேகிதங்ககிட்டே போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்தவர். மூணாம் நாள் கதவைப் பேர்த்துட்டுப் போனார். அப்புறம் அது பொருந்தவே இல்லை."

சலேத்தம்மா நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டா. தைரியம் வந்துருச்சு. "என் புருஷனை விடு."

"அவன் போறேன்னான், நீயும் போங்கன்னே. வெளியே போடி!"

"சரி, போயிட்டு வாரேன்."

போனா, விளக்குமாத்தோட வந்தா. "இதெல்லாம் ஒரு ராசா வீடா, தூ!"ன்னு மூலைமூலையாப் பெருக்கினா. ராசா தும்மி, தும்மி, "போடி!"ன்னான். "போயிட்டு வாரேன்."

போனா, அடுப்போட வந்தா. நெத்திலிக் கருவாட்டை வறுத்தா. வாசம் சுவரோரம் போச்சு. மிக்கேல் மூக்கு அசைஞ்சுது. பவுலுக்கு அவன் ஆத்தா ஞாபகம் வந்து கண்ணு கலங்கிச்சு. "போடி!" "போயிட்டு வாரேன்."

போனா, செபமாலையோட வந்தா. நடு மண்டபத்துல முழங்கால் போட்டு, பாதி மந்திரம் சொல்லி நிறுத்தினா. மீதிப் பாதி சுவர்ப்பக்கமிருந்து வந்துச்சு. எஸ்தாக்கி குரல். அப்புறம் மிக்கேல், அப்புறம் பவுலு, அப்புறம் அத்தனை பேரும்.

ராசா காதைப் பொத்திக்கிட்டான். "இவ இருக்கிற இடத்துல எவன் இருப்பான்! நான் போறேன்!"னு கத்திட்டு, குடையைப் பிடுங்கிக்கிட்டு வாசல் தாண்டிட்டான்.

சட்டம் உனக்கும் சேர்த்துத்தான்னு சர்வேசுரன் சொன்னது ஞாபகம் இருக்கா? அவனுக்கு இல்லை.

சலேத்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கலை. "சரி, போ"ன்னா.

அவன் இன்னும் போயிக்கிட்டேதான் இருக்கான். மத்தவங்க எல்லாரும் அந்த ஒத்தைக் கீல் கதவு வழியா வீடு வந்து சேர்ந்து, ஆறிப்போன கருவாட்டுக்குச் சண்டை போட்டுக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் அந்த ஊர்ல யாரும் அந்தப் பேச்சை விடலை. எத்தனையோ வருஷம் கழிச்சு எஸ்தாக்கியைக் கல்லறைத் தோட்டத்துல இறக்கினப்போ, சலேத்தம்மா ஒரு பிடி மண்ணைப் போட்டு, வழக்கம்போல சத்தமா, "போயிட்டு வாங்க"ன்னுதான் சொன்னா. இன்னைக்கும் அங்கே அப்படித்தான்.

கதை கரை ஏறிடுச்சு, விளக்கை அணைங்க. எவனாவது தூங்கப் போறேன்னு சொன்னா முதுகுல வைப்பேன். தூங்கிட்டு வாரேன்னு சொல்லணும்.