சுவர் வழியாகப் போனவன்

நாயும் மாடும் காக்கையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வடக்கே வெகுதூரத்தில், இரண்டு மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்து கிடக்கும் ஓர் இடத்தில் ஒரு வீடு இருந்தது. பின்னாளில் வைக்கிங்குகள் என்று பெயர்பெற்ற கடலோடிகளின் முன்னோர் அந்தப் பக்கத்தில்தான் குடியிருந்தார்கள். வீட்டுக்குக் கற்சுவர். கூரையின் மேல் புல் வளர்ந்திருக்கும். அதில் ஆடு ஏறி மேயும். சன்னல் என்று ஒன்று கிடையாது. புகை போக மேலே ஒரு துளை, ஆள் போக ஒரு வாசல், அவ்வளவுதான்.

அந்த வீட்டில் கெத்தில் என்பவன் தன் மனைவி யோருனோடும், ஒன்றரை வயது மகள் ஸ்வாலாவோடும், தங்கை கிரிமாவோடும் வாழ்ந்து வந்தான். ஒரு பசுவும் ஒரு நாயும் இருந்தன. நாயைக் குட்டியாக இருந்தபோது பனியிலிருந்து தோண்டி எடுத்து, தன் சட்டைக்குள் வைத்து வளர்த்தவன் கெத்தில். அவன் சொன்ன எதையும் அது மறுத்ததில்லை.

அங்கே கோடையில் சூரியன் மறைவதில்லை. கடலின் விளிம்பு வரை இறங்கி வரும், தண்ணீரைத் தொடாமல் மறுபடி ஏறிவிடும். அந்த வெளிச்ச நாட்களில்தான் கடற்பறவைகள் செங்குத்துப் பாறைகளில் முட்டையிடும். கெத்தில் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறையின் முகத்தில் இறங்கி முட்டை எடுப்பான். மேலே கிரிமா கயிற்றைப் பிடித்திருப்பாள். அவன் கிளம்பும்போதெல்லாம் யோருன் வாசலில் நின்று, "போய் வா, கெத்தில்" என்பாள். அவன் திரும்பிப் பார்த்து, "வருவேன்" என்பான். கடலுக்குப் போனாலும் சரி, காட்டுக்குப் போனாலும் சரி, பதினோரு வருடமாக இதுதான் வழக்கம். ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறான்.

அந்த வருடம் கோடை தொடங்கிய நாலாம் நாள், பாறையின் கூர்முனையில் உரசிக் கயிறு அறுந்தது. கிரிமாவின் கையில் பாதிக் கயிறுதான் மிஞ்சியது.

அக்கரையிலிருந்து பக்கத்து வீட்டார் படகில் வந்தார்கள். கெத்திலைக் குளிப்பாட்டி, தாடியைச் சீவி, நல்ல சட்டை போட்டார்கள். புல்வெளியின் கோடியில் குழி தோண்டி, அவனுடைய சிறிய படகை அதில் இறக்கியிருந்தார்கள். படகிலேயே அவனைக் கிடத்தி மண்மேடு எழுப்புவதாக ஏற்பாடு. அப்போதெல்லாம் உயிரோடு இருப்பவர்கள் போகிற வாசல் வழியாகத்தான் இறந்தவர்களையும் எடுத்துப் போவார்கள். வேறு வழி யாரும் யோசித்ததில்லை.

நாலு பேர் அவனைத் தோளில் தூக்கி நிலைப்படியைக் கடந்தார்கள். யோருன் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றிருந்தாள். அவள் வாய் தானாகத் திறந்தது.

"போய் வா, கெத்தில்."

தூக்கிக்கொண்டு போனவர்கள் ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டார்கள். நாய் தலையை உயர்த்தி அவளைப் பார்த்தது.

"ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று கேட்டது.

"தெரியவில்லை," என்றாள் யோருன். "வாயில் வந்துவிட்டது."

சொன்ன சொல்லை என்ன செய்ய முடியும்? அவர்கள் நடந்தார்கள். புதைத்தார்கள். கஞ்சி குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டார் படகேறிப் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் மாலை, கிரிமா பால் கறந்துகொண்டிருந்த நேரம். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வாலை ஆட்டியது. பிறகு வால் நின்றுவிட்டது.

"அவன் வருகிறான்," என்றது.

"யார்?"

"நடை அவனுடையதுதான். வாசனை அவனுடையது இல்லை."

யோருன் வெளியே வந்து பார்த்தாள். நல்ல வெயில். மண்மேட்டின் பக்கத்திலிருந்து கெத்தில் புல்வெளியைக் கடந்து வந்துகொண்டிருந்தான். வேலியின் நிழல், பசுவின் நிழல், எல்லாம் மலையைப் பார்த்து விழுந்திருந்தன. அவன் நிழல் மட்டும் சூரியனைப் பார்த்து விழுந்திருந்தது.

வழக்கம்போல நிலையில் இடிக்காமல் தலை குனிந்து உள்ளே வந்தான். தன் இடத்தில் உட்கார்ந்தான். தோளிலிருந்து ஈரமண் உதிர்ந்தது. அடுப்பில் எரிந்த தீ பாதியாகக் குறைந்தது.

"வந்துவிட்டேன்," என்றான்.

யோருனுக்குப் பயம் வரவில்லை. வந்தது சந்தோஷம்தான். சிரித்துக்கொண்டே அழுதாள். அவன் கையைப் பிடித்தாள். குளிர்காலக் கடலின் அடியிலிருந்து எடுத்த கல்லைப் போல இருந்தது அது. தன் விரல்கள் மரத்துப்போகும் வரை விடாமல் பிடித்திருந்தாள். கஞ்சியும் கருவாடும் வைத்தாள். அவன் பார்த்தான், தொடவில்லை. மூலையில் கிடந்த கிழிந்த வலையை எடுத்து மடியில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, வந்த வழியே போனான்.

மறுநாள் காலையில் கிரிமா அந்த வலையை எடுத்துப் பார்த்தாள். புதிதாகப் போட்ட முடிச்சுகளுக்கு நுனியே இல்லை. அவிழ்க்க முடியவில்லை. கத்தி வைத்தால் கத்திதான் மழுங்கியது.

"அண்ணி, அவன் எனக்காகத்தான் வருகிறான். கயிற்றைப் பிடித்திருந்தவள் நான்," என்றாள் கிரிமா.

"இல்லை. வீட்டுக்கு வருகிறான். தன் வீட்டுக்கு ஒருவன் வரக்கூடாதா?" என்றாள் யோருன்.

இரண்டாம் மாலை அவன் நேராகத் தொழுவத்துக்குப் போனான். உயிரோடு இருந்தபோது செய்ததைப் போலவே பசுவின் முதுகைத் தட்டிக்கொடுத்தான். பசு அசையாமல் நின்றது. அவன் போன பிறகு யோருனைக் கூப்பிட்டது.

"அவன் என்னை அடிக்கவில்லை. அன்பாகத்தான் தொட்டான். ஆனால் எனக்குள்ளே குளிர்காலம் வந்துவிட்டது, யோருன்," என்றது. காலையில் அது முழங்கால் மடித்துக் கிடந்தது, எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் வைத்திருந்த பால் செம்பில் பால் கல்லாக உறைந்திருந்தது. வெளியே புல்லில் தேனீக்கள் பறந்துகொண்டிருந்தன.

மூன்றாம் மாலை அவன் குழந்தையைப் பார்த்தான்.

"அவளை என்னிடம் கொடு," என்றான்.

ஸ்வாலாவுக்கு அப்பாவைத் தெரிந்தது. சிரித்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் யோருனுக்குப் பசுவின் நினைவு போய்விட்டது. குழந்தையைத் தூக்கி நீட்டினாள். கிரிமா பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள். அதற்குள் அவன் விரல் ஒன்று குழந்தையின் கன்னத்தில் பட்டுவிட்டது.

கெத்தில் கோபப்படவில்லை. காலியான தன் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனான்.

குழந்தையின் கன்னத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு. கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைத்திருந்தும் மறுநாள் முழுவதும் அவள் நடுங்கினாள். அழவில்லை. அழாததுதான் யோருனை உலுக்கியது.

அன்று மாலை அவள் கதவைத் தாழிட்டாள். காலடிச் சத்தம் வாசலில் வந்து நின்றது.

"யோருன், கதவைத் திற."

அவள் குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"தாழ்ப்பாள் போட்டிருக்கிறாயே, ஏன்?" அவன் குரலில் மிரட்டல் இல்லை. புரியாமல் கேட்கிறவனின் குரலாக இருந்தது. "நீதானே என்னை வரச் சொன்னாய்?"

கதவையும் தாழ்ப்பாளையும் செதுக்கியவன் அவன். அவள் கண் முன்னாலேயே தாழ்ப்பாள் மெல்ல விலகிக்கொண்டது. அவன் தலைகுனிந்து உள்ளே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். அன்று அடுப்பு முழுதாக அணைந்தது.

காலையில் கூரை முகட்டில் ஓர் அண்டங்காக்கை வந்து உட்கார்ந்திருந்தது. யோருன் தொழுவத்துச் சாணியை வாரிக்கொண்டிருந்தாள்.

"செத்த பசுவுக்காக வந்திருக்கிறேன்," என்றது காக்கை. "உன்னிடம் ஒளிப்பானேன்?"

"எடுத்துக்கொள். நீ செத்தவர்களோடு பழகுகிறவன். என் புருஷன் ஏன் இப்படி வருகிறான் என்று சொல்," என்றாள்.

காக்கை அலகைக் கூரையில் தீட்டிக்கொண்டது. "அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. செத்தவர்களுக்கு எல்லாம் மறந்துபோகும். எந்த வழியாக வெளியே போனார்களோ அந்த வழி ஒன்றுதான் நினைவிருக்கும். பலர் அதிலேயே போய்விடுவார்கள், திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இவனை நீ வரச் சொல்லி அனுப்பியிருக்கிறாய்."

"வாசலை அடைத்துவிட்டால்?"

"உயிரோடு இருக்கிற நீ எப்படிப் போவாய்? அடைத்தாலும் அவன் போன வழி அதேதான். கல்லுக்குள்ளும் வருவான். இதற்கு மேல் எனக்குத் தெரியாது." காக்கை தொழுவத்துக்குப் பறந்து போனது.

யோருன் கையில் சாணியோடு அங்கேயே வெகுநேரம் நின்றாள். பிறகு கிரிமாவைக் கூப்பிட்டாள்.

"அவன் போன வழிதானே அவனுக்கு நினைவிருக்கிறது? அப்படியென்றால் அவன் வேறு வழியாகப் போகட்டும். திரும்பி வந்து பார்க்கும்போது அந்த வழி இருக்கக்கூடாது."

இரண்டு பெண்களும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு, கெத்தில் படுக்கிற பலகையின் கால்மாட்டை ஒட்டிய சுவரை வெளியிலிருந்து குத்தத் தொடங்கினார்கள். அவன் தந்தை கட்டிய சுவர், லேசில் அசையவில்லை. கிரிமாவின் உள்ளங்கையில் கயிறு அறுத்த புண் மறுபடி திறந்து ரத்தம் வந்தது. அவள் நிறுத்தவில்லை. மாலைக்குள் கற்கள் எல்லாம் ஆடிப்போய், உருவினால் வந்துவிடும் என்ற நிலையில் இருந்தன. குழந்தையை ஆட்டுப்பட்டியில் நாயின் காவலில் படுக்க வைத்தார்கள்.

அவன் வந்தான். உட்கார்ந்தான்.

"களைத்திருக்கிறாய். படுத்துக்கொள், கெத்தில்," என்றாள் யோருன்.

"அங்கே படகு குறுகலாக இருக்கிறது. மண் நெஞ்சில் அழுத்துகிறது," என்றான்.

"தெரியும். இங்கே படு."

அவன் தன் பலகையில் கால் நீட்டிப் படுத்தான். அவள் அவன் முகத்தின் மேல் ஒரு துணியைப் போட்டாள், அவன் எந்தப் பக்கம் போகிறான் என்று பார்க்காமல் இருக்க. வெளியே நின்ற கிரிமா கற்களை ஒவ்வொன்றாக உருவினாள். சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வெளிச்சம் திறந்தது. கிரிமா வெளியிலிருந்து அவன் கால்களைப் பிடித்து இழுத்தாள். யோருன் உள்ளேயிருந்து தோளைத் தள்ளினாள். ஓர் எருதைத் தள்ளுவதைப் போல இருந்தது.

"எங்கே கூட்டிப் போகிறாய்?" என்று துணிக்கு அடியிலிருந்து அவன் கேட்டான்.

அவள் தோளை இன்னும் பலமாகத் தள்ளினாள்.

இடுப்பு வரை வெளியே போய்விட்டான். "யோருன்," என்றான். "நான் எப்போது வரட்டும்?"

பதினோரு வருடத்துப் பழக்கம் அவள் தொண்டை வரை ஏறி வந்தது. தன் முன்கையை வாயில் திணித்துக் கடித்தாள். பல் பதிந்தது. அந்த வலியோடு அவனைக் கடைசியாக ஒரு தள்ளு தள்ளினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது வெறும் உடல்தான். புதைத்து ஏழு நாள் ஆன உடல். அதற்கு எடையே இல்லை. இருவரும் தூக்கிக்கொண்டு போய்ப் படகில் கிடத்தி மேட்டை மூடினார்கள். திரும்பி வந்து கற்களை அடுக்கினார்கள். இடுக்குகளில் களிமண்ணை அடைத்தார்கள். அப்போதுதான் யோருன் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் மாலை அவர்கள் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தார்கள். காலடிச் சத்தம் கேட்டது. அது வாசலுக்கு வரவில்லை. வாசலைத் தாண்டிப் போனது. புதிதாக அடைத்த இடத்துக்கு நேராக வந்து நின்றது. பிறகு ஒரு கை சுவரைத் தடவுகிற சத்தம். கல்லின் மேல் தோல் உரசுகிற மெல்லிய சத்தம். அது வீட்டைச் சுற்றி ஒருமுறை போனது. இன்னொரு முறை போனது. வாசற்கதவின் மேலும் அந்தக் கை ஊர்ந்து போனது. அது கதவு என்று அதற்குத் தெரியவில்லை.

மறுபடி அடைத்த இடத்துக்கு வந்து நின்றது.

"என் நாயே, நீ அங்கே இருக்கிறாயா? எனக்கு வழி சொல்," என்றது கெத்திலின் குரல்.

நாய் நடுங்கிக்கொண்டு எழுந்தது.

"சொல்லாதே," என்று கிரிமா கெஞ்சினாள்.

"அவன் கேட்கிறானே," என்றது நாய். "அவன் கேட்டு நான் செய்யாதது ஒன்றுமே இல்லை. பேச வாய் இருக்கிற வரை என்னால் சொல்லாமல் இருக்க முடியாது."

அது கம்பளிக்குள் கிடந்த ஸ்வாலாவைப் பார்த்தது. அவள் கன்னத்துத் தழும்பை ஒருமுறை நக்கியது. பிறகு தலையை மேலே தூக்கி, தனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் ஒன்றுகூட மிஞ்சாமல் ஒரே மூச்சில் ஊளையாக வெளியே விட்டது. வாசல் என்ற சொல் அதில் போனது. கெத்தில் என்ற பெயரும் அதில் போனது. புகைத்துளை வழியாக அந்த ஊளை ஏறி மலைகளில் மோதித் திரும்பி வந்து ஓய்ந்தபோது, நாயிடம் பேச்சு இல்லை. யோருன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கூப்பிட்டாள். அது அவள் கையை நக்க மட்டும் செய்தது.

வெளியே அந்தக் கை சுவரிலிருந்து விலகியது. நடை புல்வெளியைத் தாண்டி, மண்மேட்டையும் தாண்டி, கடல் பக்கமாகத் தேய்ந்து போனது. அதற்குப் பிறகு அவன் வரவில்லை. கோடை முடிந்து இரவு இருட்டத் தொடங்கிய முதல் நாளில் குழந்தை வீறிட்டு அழுதது. அதன் பிறகு தேறிவிட்டது.

அன்று முதல்தான் அந்த வடகடல் ஓரத்து மக்கள் தங்கள் வீட்டில் இறந்தவரை வாசல் வழியாக எடுத்துப் போகாமல், முகத்தை மூடி, சுவரை உடைத்து, கால் முன்னே போக வெளியே எடுத்து, உடனே கல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். எடுக்கும்போது யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, நாய் மட்டும் ஊளையிடும்.