ஒரு செம்பு மோரில் உயிர்த்த கடன்

முன்னொரு காலத்தில், மழை பெய்தால் மன்னரைப் புகழ்வதும் பெய்யாவிட்டால் தலைவிதியை நோவதுமாக இருந்த ஒரு நாட்டில், பழங்கடன் வழக்குகளைக் கேட்டுக் கேட்டு ராஜாவுக்குக் காது புளித்துப்போனது. ஒருநாள் சட்டமே போட்டுவிட்டார். பன்னிரண்டு வருடம் வசூலிக்காமல் கிடந்த கடன் செத்த கடன். கடன்பட்டவர் தாமாகவே ஒரு துளி திருப்பிக் கொடுத்தால் மட்டும் அதற்கு மறுபடி உயிர் வரும்.

பூவாயிக்கு அந்தச் சட்டம் குலதெய்வம் கொடுத்த வரம். தனாதிகாரி சங்குநாதரிடம் அவள் மாமனார் வாங்கிய கடன் இருபது வருடத்துக்கு முந்தியது. மாமனாரும் போய்ச் சேர்ந்தார், புருஷனும் போய்ச் சேர்ந்தான். மிஞ்சியது ஓர் எருமை. அதன் பாலை விற்றுத்தான் அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் கஞ்சி குடித்தார்கள்.

ஒரு கோடை மத்தியானம் சங்குநாதரே அவள் வாசலில் வந்து நின்றார். "தாகமா இருக்கு தாயி, கொஞ்சம் மோர் குடு."

பெரிய மனிதர் கேட்கிறாரே என்று பூரித்துப்போய்ச் செம்பு நிறையக் கொடுத்தாள். மறுநாள் சேவகர்கள் வந்து எருமையை அவிழ்த்தார்கள். குடித்த மோர் வட்டியில் வரவாம், அதனால் கடன் உயிர்பெற்றுவிட்டதாம். பூவாயிக்கு அழக்கூட வரவில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதைக் கேள்விப்பட்டிருக்கிறாள். கண்ணால் பார்த்தது அன்றுதான். திக்பிரமை பிடித்தவளாய் எருமைக்குப் பின்னாலேயே அரண்மனைக்கு நடந்தாள்.

"மோர் கொடுத்தது உண்மையா?" என்று ராஜா கேட்டார்.

"தாகம்னாரு, குடுத்தேன் சாமி. கடனுக்கா குடுத்தேன்?"

"எதற்காகக் கொடுத்தாலும், கடன்பட்டவர் கையிலிருந்து கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது வரவுதான், மன்னா" என்றார் சங்குநாதர். அரசவை விகடன் பேச்சிமுத்துவை ஓரக்கண்ணால் பார்த்து, "இதில் விகடம் பேச இடமில்லை" என்றும் சேர்த்துக்கொண்டார். ராஜா சிரிக்கும்போதெல்லாம் அவனுக்குப் பரிசு போவதில் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

பேச்சிமுத்து எழுந்தான். "தனாதிகாரி சொல்வதே நியாயம்."

பூவாயி திரும்பி அவனைப் பார்த்தாள். இவனும் அந்தப் பக்கமா?

"ஆகவே மன்னா, தனாதிகாரியின் வீட்டை இன்றே ஜப்தி செய்யவேண்டும். பெரும்பஞ்சத்தில் அவருடைய பாட்டனார் அரண்மனைக் களஞ்சியத்தில் நெல் கடன் வாங்கினார். சற்றுமுன் தனாதிகாரி தங்கள் கையில் எலுமிச்சம்பழம் கொடுத்தாரே, அது வரவு."

ராஜா கையிலிருந்த பழத்தைத் தேளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

சங்குநாதரின் முகம் வெளுத்தது. "மன்னரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் மரியாதைக்குக் கொடுக்கும் பழமல்லவா அது? அந்த நெல்லுக்கடன் என் தகப்பனார் காலத்திலேயே செத்துப்போயிற்று."

"மரியாதைக்குக் கொடுத்தது வரவாகாதோ?" என்றார் ராஜா.

"ஆகாது" என்ற பிறகுதான் சங்குநாதர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்படியானால் எருமையை அவளிடமே கொடுங்கள்."

பூவாயி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"பேச்சிமுத்து, அந்த நெல்லுக்கடன் எனக்கே தெரியாதே. உனக்கு யார் சொன்னது?" என்று ராஜா கேட்டார்.

"இப்போது தனாதிகாரி சொல்லித்தான் எனக்கும் தெரியும், மன்னா. அந்தப் பஞ்சத்தில் யார் பாட்டன்தான் களஞ்சிய வாசலில் நிற்கவில்லை?"

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "உனக்கு முத்துமாலை தந்தோம். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்."

"இன்றே தந்துவிடுங்கள், மன்னா. பெரிய இடத்துப் பாக்கியைக் கேட்கப் பயந்தே பன்னிரண்டு வருடம் ஓடிவிடும்."

ராஜா சிரித்துக்கொண்டே தம் கழுத்து மாலையைக் கழற்றினார்.