யார் சரக்கு?

"முதலில் மழை பொய்த்தது. அது யார் குற்றமும் இல்லை.

அடுத்து, நெல் வைத்திருந்தவர்கள் களஞ்சியத்தைப் பூட்டினார்கள். பூட்டிய பிறகு, அந்த நெல்லைக் காட்டி நிலத்தை எழுதி வாங்கினார்கள். நிலம் தீர்ந்ததும் பிள்ளைகளுக்கு விலை பேசினார்கள். விலை படிந்ததும் தோளில் சூடு போட்டார்கள். சூட்டுப் புண் ஆறுமுன் பெயரை மாற்றினார்கள். பெயர் மாறியவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் மறைந்ததும் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

இதே வரிசையிலதான் பாட்டைக் கட்டியிருக்கேன், அண்ணாவி" என்றார் சவரிராயன்.

கூத்துக்குப் பாட்டும் ஆட்டமும் பழக்குகிறவரை அந்தக் கடற்கரையில் அண்ணாவி என்பார்கள். அப்போது அண்ணாவியாக இருந்தவர் ஒரு பெண். பெயர் அலங்காரம். சீடர் சவரிராயனின் மகள் வயதுதான் அவருக்கு.

"அப்புறம் என்ன குறை, அண்ணே?"

"ஒத்திகையில எல்லாரும் அழுதாங்க. அழுது முடிச்சு டீ குடிச்சாங்க. அடிமைகளா விலைபோன சனத்துக்கு நினைவு மண்டபம் கட்டுறாரே முதலாளி, அவரும் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். எனக்கு மட்டும் தொண்டையில முள்ளு நிக்குது."

"எந்த இடத்துல நிக்குது?"

"அவர் அழுத இடத்துல."

"பாடுங்க."

சவரிராயன் பாடினார். சங்கிலி இழுபடும் ஓசைக்கு ஒரு தாளம். அலைக்கு ஒரு தாளம். கப்பல் பாய் விரியும் சத்தத்தை உடுக்கையில் கொண்டுவந்திருந்தார். கரையில் நின்ற தாய்மாருக்கு ஒப்பாரி.

அண்ணாவி கடைசிவரை கேட்டார்.

"சங்கிலி பேசுது. கடல் பேசுது. பாய்கூடப் பேசுது. வித்தவன் மட்டும் ஊமையா?"

"வெள்ளைக்காரனை விட்டேனா? ரெண்டு சரணம் திட்டியிருக்கேனே."

"அவன் வாங்கினவன்."

சவரிராயன் உடுக்கையைக் கீழே வைத்தார்.

"வித்தது யாருன்னு இந்தக் கரையில தெரியாதவங்க கிடையாது, அண்ணாவி. அந்த வம்சம்தான் மண்டபம் கட்டுது. நாளைக்குத் திறப்பு. அதுக்கப்புறம் தினமும் பொழுது சாயும்போது என் பாட்டு ஒலிபெருக்கியில போகும்."

"போகட்டுமே."

"எங்க முப்பாட்டனுக்கு ஒரு தங்கச்சி. வெள்ளச்சி. இங்கதான் அவளைக் கப்பலேத்தினாங்க. வேற ஒண்ணும் மிஞ்சல, பேர்தான் மிஞ்சியிருக்கு. அந்தப் பேர்லதான் பாட்டு முடியுது. நான் வாயைத் திறந்தா பாட்டை நிறுத்திடுவாங்க. அவ பேர் மறுபடியும் இந்தக் கடலுக்குக் கேக்காது."

"தினமும் அவளை யாரு கூப்பிடப் போறாங்க?"

"ஒலிபெருக்கி."

"யாரோட ஒலிபெருக்கி?"



அண்ணாவி எழுந்து மீன் ஏலம் விடும் இடத்துக்கு நடந்தார். சவரிராயன் பின்னால் போனார். படகுகள் அப்போதுதான் கரையேறியிருந்தன. மணலில் மீன் குவியல் குவியலாகக் கிடந்தது. இரண்டு குவியலுக்கு நடுவே போய் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"என்னை ஏலம் விடுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"விடுங்க, அண்ணே."

சவரிராயன் கூத்துக்கு வருமுன் அதே மணலில் ஏலக்காரராக இருந்தவர். அவர் குரல் விளைந்தது அங்கேதான். கூடைக்காரப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"அண்ணாவியவா விக்கிறீங்க? குழம்புக்கு ஆவாங்களா?"

"வறுக்கக்கூட ஆகாதுடி. உடம்பு பூரா முள்ளு."

"நாக்கு மட்டும் தனியாக் கிடைக்குமா, கேளு. என் மாமியாருக்குப் பதில் சொல்ல ஆகும்."

சிரிப்பு அடங்கும்வரை சவரிராயன் நின்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கூவினார்.

"ஒரு பொம்பள! நோய்நொடி இல்லாத உடம்பு! பாட்டுத் தெரியும்! கேளுங்க, கேளுங்க!"

ஒருவரும் விலை கேட்கவில்லை.

"ஏன் நிக்கிறீங்க? கேளுங்க!"

பாக்கியம் என்கிற மூத்த வியாபாரி கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"யாரு சரக்குன்னு நீ இன்னும் சொல்லலையே, சவரி. எந்தப் படகு, எவன் வலைன்னு முதல்ல சொல்லிட்டுத்தானே ஏலம் கூவுவ? சொந்தக்காரன் பேர் சொல்லாம வந்தா அது திருட்டுச் சரக்கு. இந்தக் கரையில எவளும் அதைத் தொட மாட்டா. உனக்கே மறந்துபோச்சா?"

"மறக்கல" என்றார் சவரிராயன்.

அண்ணாவி எழுந்து சேலையில் ஒட்டியிருந்த செதிளைத் தட்டிவிட்டார்.

"இங்க மறக்கல" என்றார். வீட்டைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் சாயங்காலம் மண்டபம் திறந்தார்கள். முன்வரிசையில் நாற்காலிகள். அதற்குப் பின்னால் மணல். மணலில் கரைச் சனம்.

முதலாளி பேசினார். கடலின் கொடுமையைப் பேசினார். பஞ்சத்தின் கொடுமையைப் பேசினார். அந்நியரின் கொடுமையைப் பேசினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரில் இருந்த திரையை இழுத்தார். பளிங்குக் கல். பொன் எழுத்து. முதலாளியின் எந்த முன்னோர் நினைவாக மண்டபம் கட்டப்பட்டது என்று பெயரோடு அதில் வெட்டியிருந்தது.

எல்லாரும் கைதட்டினார்கள்.

சவரிராயன் பாடினார். ஒவ்வொரு அநியாயமும் அதனதன் வரிசையில் வந்தது. முதலாளி ஒத்திகையில் அழுத இடத்தில் இன்றும் அழுதார்.

"விலைபோனவள் வெள்ளச்சி" என்று பாட்டு முடிந்தது.

பக்கவாத்தியக்காரர்கள் எழுந்தார்கள். சவரிராயன் எழவில்லை. நாற்காலிகளைத் தாண்டி மணலைப் பார்த்தார்.

"பாட்டு முடிஞ்சுது. விற்பனை இன்னும் முடியல. இங்க இருக்கிற அத்தனை பேரும் சாட்சி."

முதலாளி ஒரு விரலைத் தூக்கினார். ஒலிபெருக்கி அணைந்தது.

கடல் கேட்டது.

சவரிராயன் எழுந்தார். பளிங்குக் கல்லின் பக்கம் திரும்பினார். கடைசிப் படகுவரை எட்டும் பழைய ஏலக் குரலில் வாசித்தார்:

"வித்தவர், கப்பல் வணிகர், தர்மப்பிரபு ஆபத்சகாயம்!"